சட்டைக் கையில் ஒரு கறுப்புக் கோடு

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால், குடை திருத்தும் கடையொன்றின் மேல்மாடியில், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் மூன்று வெள்ளைச் சட்டைகளை மேசைமேல் அடுக்கிவைத்தாள். அடுக்கிவிட்டு அவள் அழவில்லை. அழாமல் இருந்ததுதான் ராஜலிங்கத்துக்குச் சற்றே பயமாக இருந்தது. அந்த அலுவலகத்தின் படியேறி வருகிறவர்கள் அழுவார்கள், அல்லது கத்துவார்கள். சட்டை மடிக்கிறவர்களை அவன் கண்டதில்லை.

"சலவைக்குன்னா கீழ ரெண்டாவது கடைங்க, அக்கா. இது துப்பறியிற கடை," என்றான்.

"லிங்கம், கொஞ்சம் வாய்க்கு ஓய்வு குடுங்கோ," என்றார் மேசைக்கு அப்பால் இருந்த ஹபீலா.

காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைத் தேடிப் பிடிக்கும் வேலையை இருபது ஆண்டுகள் செய்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவர் ஹபீலா. ராஜலிங்கம் அவருடைய உதவியாளன், த்ரீவீல் ஆட்டோவின் சாரதி, தேநீர் வாங்கி வருகிறவன், கேளாமலே கருத்துச் சொல்கிறவன் எல்லாமும்.

"நீங்க சொல்லுங்கோ, தங்கச்சி."

"எம் பேரு நிஷாந்தி. வத்தேகமையில தையல் வேல பாக்குறேன். இதெல்லாம் எங்க வூட்டுக்காரரு சட்டைங்க. இளங்கோன்னு பேரு. இருவத்திரெண்டு வருசமா வத்தேகம பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவரு. கிட்னி ரெண்டும் போயிருச்சு. கெழமையில மூணு நாளு கண்டிக்கு வந்து ரத்தம் சுத்திகரிச்சுக்கிட்டுப் போறாரு."

மீதியை அவள் தையற்காரிக்கே உரிய ஒழுங்கோடு, ஒரு மடிப்பும் விடாமல் சொன்னாள். இயந்திரத்துக்குப் போதிய வேகத்தில் இரத்தம் கிடைப்பதற்காக, இளங்கோவின் இடது முன்கையில், இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் நாடியையும் அதைத் திரும்பக் கொண்டுசெல்லும் நாளத்தையும் மருத்துவர்கள் இணைத்திருந்தார்கள். ஊசிகள் அங்கேதான் ஏறும். அங்கிருந்து மேலே செல்லும் நாளம் முழங்கைக்கு மேல் ஓரிடத்தில் சுருங்கிவிட்டது. இரண்டு தடவை பலூன் செலுத்தி விரித்தார்கள். இரண்டு தடவையும் திரும்பச் சுருங்கியது. ஆகவே, நான்கு மாதத்துக்கு முன் அம்பிட்டியவில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் டொக்டர் சண்முகநாதன் அந்த இடத்தில் ஸ்டென்ட் ஒன்றை வைத்தார். நாளத்தை உள்ளிருந்தே விரித்துப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பிவலைக் குழாய் அது.

"வச்ச மறுநாளு அவரு கையில காத வச்சுக் கேட்டேன். தேனீக்கூட்டுக்குள்ள காத வச்ச மாதிரி ஒரே ரீங்காரம். அப்பிடித்தான் இருக்கணுமாம். இப்ப அந்தச் சத்தமே இல்லங்க. டொக்கு டொக்குன்னு எவனோ கதவத் தட்டுற மாதிரி அடிக்குது. நாளை மறுநாள், வியாழக்கெழம ஒம்பது மணிக்குத் திரும்பக் கூட்டிட்டு வாங்க, இல்லாட்டி முழுசா அடைச்சிரும்னு டொக்டர் சொல்றாரு. வலது கையில முன்னமே செஞ்சு அது கெட்டுப்போச்சு. இனி இருக்கிறது இந்த ஒரு கைதான்."

"அப்ப கூட்டிட்டுப் போங்கோ."

"அதே டொக்டருகிட்டயா?" அவள் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "அவரு மொதல்ல என்னத்த வச்சாருன்னு யாருக்குத் தெரியும்? பழசையா, ஒருத்தருக்கு வச்சுக் கழட்டினதையா? இதப் பாருங்க."

மூன்று சட்டைகளின் இடது கைகளையும், விலாவை ஒட்டும் பக்கம் தெரிய, அவள் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொன்றிலும், முழங்கைக்கு நான்கு விரல் மேலே, கட்டைவிரல் அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. வலது கைகள் மூன்றும் பளிச்சென்று இருந்தன.

"திங்க, புதன், வெள்ளி. சுத்திகரிக்கப் போற நாள்ல மட்டுந்தான் இந்தக் கறை வருது. வூட்ல இருக்கிற நாள்ல ஒண்ணும் இல்ல. ஸ்டென்ட் வச்ச எடத்துக்கு நேரா வருது. உள்ள இருக்கிற கம்பி துருப்புடிச்சு வேர்வையோட கசியுதுங்க. அவரக் கேட்டா, 'வலி இல்ல, விடு'ங்கிறாரு. நான் விடமாட்டேன். புகார்க் கடுதாசி எழுதி முத்திரையும் ஒட்டிட்டேன். நாளைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள நீங்க ஒரு பதில் சொல்லணும். இல்லன்னா கடுதாசி தபால்ல போவும். அவரு அம்பிட்டியவுக்குப் போவமாட்டாரு."

ராஜலிங்கம் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். இவளுடைய சந்தேகம் சரியென்றால் ஒரு மோசக்காரனிடம் அந்தக் கை போகும். பிழையென்றால், பார்க்கக்கூடிய ஒரே மருத்துவரிடம் போகாமலே போகும். 

ஹபீலா ஒரு சட்டையை எடுத்துக் கோட்டை முகர்ந்தார். "ரத்தமில்ல. மருந்துமில்ல. பழைய சில்லறைக்காசு மாதிரி ஒரு மணம் ஈக்கி. தங்கச்சி, அவர்ட பழக்கவழக்கத்தில ஏதாவது மாறீக்கா?"

"என்னாத்த மாறுறது? வேலைய விட்டு எட்டு மாசம் ஆவுது. இன்னமும் சாப்பிட்டு எந்திரிக்கிறப்ப மேசையில ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் எந்திரிக்கிறாரு. பஸ்ஸ எடுக்கச் சொல்ற மாதிரி."

"மேச நகராம இருந்தாச் சரி," என்றான் ராஜலிங்கம்.

முதன்முறையாக அவள் உதட்டோரம் இலேசாக அசைந்தது. ஸ்டென்டின் இலக்கம் ஒட்டப்பட்ட சிறிய அட்டையை ஹபீலாவிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

*

அம்பிட்டிய ஏற்றத்தில் த்ரீவீல் மூச்சு வாங்கியது. சிகிச்சை நிலையத்தின் வரவேற்பறையில் தூசு இல்லை, கூச்சல் இல்லை, காத்திருப்போர் முகத்தில் எரிச்சலும் இல்லை. கொடுத்த தேநீரில் இஞ்சி சரியான அளவில் இருந்தது. இத்தனை நல்ல தேநீர் கொடுக்கும் இடத்தில் ஏதோ மறைக்கப்படுகிறது என்று ராஜலிங்கம் உடனே தீர்மானித்தான்.

டொக்டர் சண்முகநாதன் யாழ்ப்பாணத்தவர். இவர்கள் உள்ளே நுழைந்த கணத்தில், ஒளிப்பெட்டியில் மாட்டியிருந்த எக்ஸ்ரே படமொன்றைக் கழற்றி மேசை இலாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். ராஜலிங்கம் ஹபீலாவைப் பார்த்தான். ஹபீலாவும் அதைக் கண்டிருந்தார்.

"இளங்கோவின்ர மனுசி அனுப்பின ஆக்களோ? அவ போனில சொன்னவ, ஆக்கள் வருவினம், ஒண்டையும் ஒளிக்கக் கூடாதெண்டு. இருங்கோ."

"ஸ்டென்ட் இலக்கம் எழுதிற புத்தகத்த நான் பாக்கலாமா, டொக்டர்?"

"ஓம், தாராளமாப் பாருங்கோ."

பெட்டியோடு வரும் ஒட்டுத்தாள்களில் ஒன்று நோயாளியின் அட்டையிலும் மற்றொன்று நிலையத்தின் புத்தகத்திலும் ஒட்டப்படுவது வழக்கம். ஹபீலா தம் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். அவர் தேடியது இளங்கோவின் இலக்கத்தை மட்டும் அன்று. அதே இலக்கம் வேறொருவர் பெயருக்கு நேரே இருக்கிறதா என்பதையும் தேடினார். ஒரே பொருளை இருவருக்கு வைத்ததாகக் காட்டுவது காப்புறுதி உலகில் அவர் பலமுறை பிடித்த வித்தை. விரல் கடைசிப் பக்கத்தில் நின்றது. இளங்கோவின் இலக்கம் அட்டையில் உள்ளதோடு ஒத்திருந்தது. எந்த இலக்கமும் இரண்டாம் முறை வரவில்லை.

"புத்தகம் சுத்தம்," என்றார் ஹபீலா. "இனி அந்த இலாச்சியத் திறங்கோ."

டொக்டர் முகம் சிவந்தது. சற்று நேரம் சாவியை விரலில் சுழற்றினார். பிறகு திறந்தார்.

"இதைக் காட்டினா அவ இன்னும் கத்துவா எண்டுதான் பூட்டினனான். போன கிழமை எடுத்த படம். இளங்கோவின்ர கை."

கம்பிவலைக் குழாய் மெல்லிய சல்லடைபோலத் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் வலை நெளிந்து, இழைகள் அறுந்திருந்தன. தோட்டத்து வேலியில் மாடு தினமும் முதுகு தேய்க்கும் இடம் ராஜலிங்கத்தின் நினைவுக்கு வந்தது.

"அப்ப சாமான் மட்டம்! நிஷாந்தி அக்கா சொன்னது சரி!" என்றான்.

"தம்பி, இது துருப்பிடிக்கிற கம்பியில்லை. அமத்தினாலும் திரும்ப விரியும். உங்கட கையாலயே அமத்திப் பாருங்கோ." டொக்டர் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு துண்டை நீட்டினார். ராஜலிங்கம் நசுக்கினான், விட்டதும் அது விரிந்து பழைய வடிவுக்கு வந்தது. இன்னும் நசுக்கினான், இன்னும் விரிந்தது. ஐந்தாம் முறை நசுக்கப் போனவனிடமிருந்து ஹபீலா அதைப் பிடுங்கிக்கொண்டார். டொக்டர் தொடர்ந்தார்: "ஆனா, ஒரே இடத்தில, ஒரே பக்கத்தால, மாசக் கணக்கா நூறு நூறு தரம் அமத்தினா எந்தக் கம்பியும் அறுந்துபோகும். ஆரோ வெளியில இருந்து அமத்துகினம். ஆரெண்டு அவரைக் கேட்டன். ஒருத்தரும் இல்லையாம்."

"இத இன்னும் சரிப்படுத்தலாமா?"

"வியாழனுக்கு வந்தா, இதுக்குள்ளால இன்னொண்டு வைக்கலாம். பிந்தினா அடைச்சுப்போடும். ஆனா ஒண்டு: அமத்துறது ஆரெண்டு தெரியாம வைச்சா, அதுவும் நாலு மாசத்தில அறுந்துபோம்."

வெளியே வந்ததும் ராஜலிங்கம் த்ரீவீலின் கைப்பிடியை ஓங்கித் தட்டினான். "கண்டுபிடிச்சிட்டேன், மிஸ்! அவரு வேலைய விடல. கறை வர்றது திங்க, புதன், வெள்ளி. அந்த மூணு நாளும் பொஞ்சாதிக்குத் தெரியாம பஸ்ஸுல கண்டக்டர் வேல பாக்குறாரு. பொய் சொல்ற புருசன்மாரு மொகம் எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"கண்ணாடியில பாத்திருக்கேனே!"

ஹபீலா சிரிக்கவில்லை. வத்தேகமையிலிருந்து காலையில் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

*

புதன்கிழமை காலை ஆறரை மணி. வத்தேகம பஸ் நிலையத்தில் மரக்கறி மூட்டைகளுக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் நடுவே, "நுவர, நுவர, நுவர!" என்று கண்டிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு குரல். அது இளங்கோவின் குரல் அன்று. நரைத்த மீசைக்காரர் ஒருவருடையது. தோளில் பையும் கையில் பயணச்சீட்டுமாக நின்ற அவரே கண்டக்டர்.

ராஜலிங்கத்தின் கண்டுபிடிப்பு பஸ் புறப்படுமுன்பே உயிரை விட்டது.

"இளங்கோவா? எட்டு மாசமா வேலக்கி இல்ல, ராத்தா," என்றார் சாரதி ரஸீன், ஹபீலா கேட்டபோது. "கேட்டாலும் நான் ஏத்த மாட்டேன். டயலிசிஸ் செய்யிற மனிசன். எங்கட பஸ்ஸுல சும்மா வந்து எறங்குவார், அவ்வளவுதான்."

பேசி முடிக்குமுன் இளங்கோ வந்தான். நாற்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இடது முன்கையை நெஞ்சோடு அணைத்து, வலது உள்ளங்கையால் மூடியிருந்தான். உறங்கும் கைக்குழந்தையைத் தூக்கி வருகிறவனைப் போலக் கூட்டத்துக்குள் வழி விலக்கிக்கொண்டு வந்தான். யாரும் அவனை அழுத்தவில்லை; யாரையும் அவன் அருகே விடவுமில்லை. ராஜலிங்கம் நாலா பக்கமும் சந்தேகத்தோடு பார்த்தான். கூடை தூக்கிய ஒருத்தி, செய்தித்தாள் படிக்கும் ஒருவர், தூங்கி வழியும் இரு மாணவர். இவர்களில் யார்? முன் வாசலுக்கு எதிரே இருந்த இருக்கை வெறுமையாக இருக்கவே, அதில் தாவி உட்கார்ந்து கண்காணிப்பைத் தொடர்ந்தான்.

மீசைக்காரர் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் கிளம்பியது.

அந்தப் பாதையின் வளைவுகளை எண்ணத் தொடங்கிய ராஜலிங்கம், வழியிலிருந்த மடவளைக்கு வரும் முன்பே கணக்கை விட்டுவிட்டான். நின்றவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். இளங்கோ மட்டும் அடித்த ஆணிபோல் நின்றான். வாசற்படியின் மேல்தட்டில், இருபத்திரண்டு ஆண்டுகள் அவன் நின்ற அதே மூலையில் நின்றான். வலது கை இடது முன்கையைப் பொத்திக் காத்துக்கொண்டிருந்தது. கைவிரல் ஒன்றாவது கம்பியைத் தொடவில்லை. அப்படியானால், இந்த மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு விழாமல் நிற்கிறான்?

ராஜலிங்கம் எட்டிப் பார்த்தான். பிறகு மெல்ல எழுந்து, மீண்டும் உட்கார்ந்தான்.

வாசலில் நட்டுக்குத்தாக நிற்கும் உருக்குக் கம்பி, இளங்கோவின் இடது மேற்கைக்கும் விலாவுக்கும் நடுவே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவன் உடம்பு வெளியே சாயும். முழுப்பாரத்தையும் அந்த மேற்கை கம்பியில் கொளுவித் தாங்கும். முழங்கைக்கு நான்கு விரல் மேலே. அடுத்த வளைவு. அதே இடம். அடுத்தது. அதே இடம்.

ஹபீலா வாசலருகே வந்து, தம் வெள்ளைக் கைக்குட்டையால் கம்பியை அந்த உயரத்தில் ஒருமுறை அழுத்தித் துடைத்து, விரித்துக் காட்டினார். கட்டைவிரல் அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு. ராஜலிங்கம் முகர்ந்து பார்த்தான். பழைய சில்லறைக்காசு.

"இளங்கோ தம்பி, நிஷாந்திதான் எங்கள அனுப்பினா," என்றார் ஹபீலா. "உங்கட கைய அமத்துற ஆளப் புடிச்சிட்டோம்."

"யாரு மிஸ் அது?" இளங்கோ திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"நீங்கதான்."

"நானா? என்னா மிஸ் பேசுறீங்க! ஊசி போடுற எடத்துல ஒரு தூசு படவிட்டதில்ல நான். இந்தக் கைல ஒரு பை தூக்குறதில்ல, இந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கிறதில்ல. உள்ள நின்னா எவனாச்சும் இடிச்சிருவான்னுதான் இந்த மூலையில நிக்கிறேன். இங்க ஒருத்தனும் என்னயத் தொடமாட்டான்."

"ஊசி போடுற எடத்துக்கு ஒண்டும் நடக்கல்ல. கம்பி வச்ச எடம் எது?"

இளங்கோ குனிந்து தன் மேற்கையைப் பார்த்தான். பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அவன் உடம்பு சாய்ந்தது. கை தானாகவே கொளுவிக்கொண்டது. அதை அவன் இப்போதுதான், இருபத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு முதன்முறையாகப் பார்க்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"அது வலிக்கவே இல்லையே, மிஸ்," என்றான் மெதுவாக. "உள்ள இரும்பு இருக்கு, தாங்கும்னு நெனச்சேன்."

"ஒரு அணில் ஈந்திச்சாம்," என்றார் ஹபீலா. "கூட்டு வாசல்ல பாம்பு வந்திரும் எண்டு பயந்து, கூடு தொங்கின கிளையிட நுனியிலயே ராப்பகலா குந்திக்கிட்டுக் காவல் காத்திச்சாம். பாம்பு வரல்ல. அணில்ட பாரத்தில கிளைதான் முறிஞ்சிச்சாம்."

"அணிலு எத்தன கிலோ, மிஸ்?" என்றான் ராஜலிங்கம்.

"உங்கட பாரம் இல்ல. இளங்கோ தம்பி, இண்டைலருந்து நீங்க ஒக்காந்து போகணும்."

"அது மட்டும் முடியாது, மிஸ்." அவன் குரல் இறுகியது. "இந்த பஸ்ஸுல நான் ஒருநாளும் ஒக்காந்ததில்ல. ஏலாதவங்களுக்குன்னு எழுதியிருக்கே, அந்த சீட்டுல எத்தன பேரக் கெளப்பி விட்டிருக்கேன். அதுல நானே போயி ஒக்காந்தா..." அவன் கண் வாசலுக்கு எதிரேயிருந்த இருக்கைக்குப் போனது. அங்கே ராஜலிங்கம் சௌகரியமாகக் கால் நீட்டியிருந்தான். தலைக்கு மேலே மூன்று மொழியிலும் அது யாருக்குரிய இடம் என்று எழுதியிருந்தது.

இளங்கோவின் முதுகு நிமிர்ந்தது. எட்டு மாதமாக எங்கேயோ போயிருந்த குரல் திரும்பி வந்தது.

"தம்பி! எந்திரிங்க! எழுதியிருக்கிறது தெரியலயா? கண்ணு நல்லாத்தானே இருக்கு, காலு நல்லாத்தானே இருக்கு? எந்திரிங்க!"

ராஜலிங்கம் துள்ளி எழுந்தான். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ரஸீன் சிரித்துக்கொண்டே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

ஹபீலா அந்த இருக்கையைக் காட்டினார்.

கூடைக்காரி பார்த்தாள். மாணவர்கள் பார்த்தார்கள். பஸ் நகரவில்லை. பின்னாலிருந்து யாரோ, நேரமாகிறது என்று சிங்களத்தில் முணுமுணுத்தார்.

"என்னா ரஸீன், ஏன் எடுக்கல?" என்றான் இளங்கோ.

"ரெண்டு தட்டு விழல்லயே," என்றார் ரஸீன் கண்ணாடி வழியாக. "நீங்க ஒக்காந்தாத்தான் இண்டைக்கு பஸ் போகும்."

மீசைக்காரர் தம் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

இளங்கோ சிறிது நேரம் நின்றான். பிறகு, புதிய செருப்பில் கால் நுழைக்கிறவனைப்போல, கொஞ்சம் கொஞ்சமாக அந்த இருக்கையில் அமர்ந்தான். இடது கையை மடியில் நீட்டி வைத்தான். வலது கையால் முன்சட்டத்தில் தட்டினான். ஒன்று. சற்றுப் பொறுத்து, இரண்டு.

பஸ் மகாவலிப் பாலத்தை நோக்கி இறங்கியது. ஹபீலா கைத்தொலைபேசியில் நடந்ததை நடந்தபடி நிஷாந்தியிடம் சொன்னார். மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது.

"டொக்டர் மேல பிழையே இல்லயா?" என்று கேட்டாள்.

"ஒரு பிழை ஈக்கி. படத்தப் பூட்டி வச்சது. அத நாளைக்கு நீங்களே நேர்ல கேளுங்கோ."

"கேப்பேன். ஒம்பது மணிக்கு முன்னயே போயி நிப்பேன்." நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. "அவருகிட்ட போனக் குடுங்க, மிஸ். இருவத்திரெண்டு வருசத்துல அந்த மனுசன் ஒக்காந்திட்டாரான்னு நான் அவரு வாயால கேக்கணும்."

இளங்கோ தொலைபேசியைக் காதில் வைத்து, "ம்," என்று மட்டும் சொன்னான்.

*

சனிக்கிழமை காலை நிஷாந்தி மறுபடியும் படியேறி வந்தாள். புதிய ஸ்டென்ட் பழையதற்குள் வியாழனன்றே ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமைச் சட்டையை விரித்து இடது கையின் அதே பக்கத்தைக் காட்டினாள். வெள்ளைவெளேரென்று இருந்தது.

"தேனீயெல்லாம் திரும்பி வந்திருச்சுங்க," என்றாள். தபாலில் போகாத கடிதத்தை நான்காகக் கிழித்து, மேசைக்கடியில் இருந்த கூடைக்குள் போட்டாள்.

பிறகு அவள் பார்வை ராஜலிங்கத்தின் மேல் நின்றது. புதன்கிழமை மடவளையிலிருந்து கண்டிவரை, இருக்கை இழந்து, வாசற் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தவன் அவன். அன்று போட்டிருந்த அதே சட்டையைத்தான் இன்றும் போட்டிருந்தான்.

"தம்பி, ஒங்க சட்டையில ஏதோ கறுப்பா இருக்கே?"

"அதுவாக்கா?" ராஜலிங்கம் இடது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "உள்ள இருக்கிற மூள துருப்புடிச்சுக் கசியுதுன்னு மிஸ் சொல்றாங்க."